விருத்தகிரி எழுதிய பிராது

ப்ளஸ் டூ ரிசல்ட் வருகிற வாரத்தில் தெருவில் இறங்குகிற ஓர் இனம் உண்டு. பெயர், படிப்பு ஆலோசகர். யாரும் நியமித்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை. உங்கள் பிள்ளை மார்க் ஷீட்டை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் அவர் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் டீயை ஆற்றிக்கொண்டு, "கட்-ஆஃப் எவ்ளோ வருது?" என்று ஆரம்பித்திருப்பார். எவ்வளவு சொன்னாலும் உச்சுக்கொட்டுவார். மார்க் அதிகமென்றால், "இன்னும் ஒரு அஞ்சு வந்திருந்தா எங்கயோ போயிருக்கலாம்." குறைவென்றால், "நான் அப்பவே சொன்னேன்." எப்போது சொன்னார்? யாரிடம் சொன்னார்? அதையெல்லாம் கேட்கிற தைரியம் உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

விருத்தாசலத்தில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரியைப் பார்க்க வேண்டுமென்றால் விருத்தகிரியைப் பார்க்க வேண்டும். செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். தினசரிகளின் கல்விப் பக்கங்களைக் கத்தரித்துக் கத்தரித்து இரண்டு சாக்குப் பை சேர்த்து வைத்திருப்பவர். இரண்டாயிரத்தில் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரையும் கம்ப்யூட்டருக்கு அனுப்பினார். மறு வருஷம் கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ளவே கேட்டரிங்குக்குத் திருப்பினார். அப்புறம் பயோடெக். கேட்டரிங் படித்த பையன் இப்போது செல்போனுக்கு ரீசார்ஜ் செய்கிறான், பயோடெக் படித்த பையன் வேப்பூர் ஹைவே ஓட்டலில் பில் போடுகிறான். சுட்டிக்காட்டினால் கோபித்துக்கொள்வாரா? மாட்டார். "படிப்பு தப்பில்லப்பா. அவன் படிச்ச வருஷந்தான் தப்பு" என்பார்.

இரண்டாயிரத்து ஐந்தில் அவர் கையில் சிக்கியவள் பூர்ணிமா. அப்பா தனக்கோடி அதே பேட்டையில் அச்சில் களிமண் கூழ் ஊற்றிப் பொம்மை எடுப்பவர். கம்மாபுரம் பக்கத்தில் பூர்ணிமாவின் அத்தை வீடு. அங்கே நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண்மேட்டைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். ஒரு பக்கம் மொட்டையாகக் கிடந்த மேட்டில், இன்னொரு பக்கம் மரம் வைத்துக் காடாக்கியிருந்தார்கள். செத்த மண்ணில் எது முளைக்கும், ஏன் முளைக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு படிப்பு இருக்கிறதென்று டீச்சர் சொன்ன நாளிலிருந்து அவளுக்கு வேறு எதிலும் மனசு போகவில்லை. விண்ணப்பித்தாள். கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்திலிருந்து கவுன்சிலிங்குக்குக் கடிதமும் வந்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை போகாவிட்டால் இடம் போய்விடும்.

விருத்தகிரி கடிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஃபாரஸ்ட்ரியா? மரத்த எண்றதுக்கு நாலு வருஷப் படிப்பாடா, தனக்கோடி?"

"டிகிரிண்ணே. மேட்டுப்பாளையத்துல காலேஜு. புள்ள ரொம்ப ஆசப்படுது."

"ஆசப்படும். பொம்பளப் புள்ள காட்டுக்குள்ள போயி யானைக்கு முதுகு தேய்க்கப் போவுதா? நாளைக்கு மாப்புள வூட்டுல என்னா படிச்சிருக்குன்னு கேட்டா என்னான்னு சொல்லுவ?"

பொம்மையில் ஒரு கீறல் விழாமல் எடுக்கத் தெரிந்த மனிதருக்கு விருத்தகிரியிடம் வாய் திறக்கத் தெரியாது. கடிதம் காலண்டருக்குப் பின்னால் போயிற்று. பூர்ணிமா அழுது பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை முகத்தைக் கழுவிக்கொண்டு விருத்தகிரி வீட்டுக்குப் போனாள்.

"பெரியப்பா, கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது எழுதணும். நீங்க எழுதினாதான் சாமி காதுல விழும்னு அம்மா சொல்லிச்சி."

கொளஞ்சியப்பர் கோயில் பிராது தெரியும்தானே? கோர்ட்டுக்குப் போக முடியாத வழக்கையெல்லாம், இன்னார் எனக்கு இன்ன அநியாயம் செய்தார் என்று மனுவாக எழுதிக் கோயிலில் கட்டிவிட்டு வருவார்கள். தொண்ணூறு நாளுக்குள் சாமி தீர்ப்புச் சொல்லிவிடும் என்பது நம்பிக்கை. காரியம் முடிந்ததும் கட்டினவரே வந்து ராஜினாமா எழுதிக் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தெருவில் பிராது எழுதுவதென்றால் விருத்தகிரிதான். அந்த நடை வேறு யாருக்கும் வராது.

"என்னா வழக்கு?"

"என் படிப்பக் கெடுக்கிறவங்க மேல, பெரியப்பா."

விருத்தகிரிக்கு உற்சாகம் பொங்கியது. "அப்படியும் ஒருத்தன் இருக்கானா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏழைப் பெண்ணின் எதிர்காலத்தில் மண்ணைப் போட்டவன் என்று தொடங்கினார். தனக்குச் சம்பந்தமில்லாத விஷயத்தில் மூக்கை நுழைத்தவன் என்று சேர்த்தார். அது போதவில்லை. "மேற்படி எதிரிக்கு உண்ணும் சோறு தொண்டையில் இறங்காமலும், உட்கார்ந்தால் எழ முடியாமலும் செய்து" என்று எழுதி, சத்தம் போட்டுப் படித்துப் பார்த்து, தன் எழுத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

"எதிரி பேரு?"

"அங்க போயி எழுதிக்கறேன், பெரியப்பா."

"வெலாசம் தெளிவா போடு. இல்லன்னா சாமி வூடு தெரியாம எவன் வூட்டுக்காவது போயிடும்." மொபெட்டை எடுத்துக்கொண்டு கூடவே புறப்பட்டார். அடுத்தவர் விண்ணப்பம் சரியாகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்காமல் இருக்க இந்த இனத்தால் முடியாது.

கோயிலில் பூர்ணிமா அவருடைய பேனாவையே வாங்கி, காலியிடத்தை நிதானமாக நிரப்பினாள். அவர் வழக்கம்போல் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். விருத்தகிரி, ஸ்டோர் கீப்பர், கதவு எண் பதினான்கு. பின்கோடு உட்பட.

"யம்மாடி... நானா?"

"ஆமாங்க பெரியப்பா. வெலாசம் சரியா இருக்குதுங்களா?"

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கண்ணெதிரே பிராது கட்டப்பட்டது.

மத்தியானம் இலையில் உட்கார்ந்தார். முதல் கவளம் இறங்கவில்லை. தண்ணீர் குடித்தார், விக்கல் வந்தது. எழுந்திருக்கப் போனவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வார்த்தைக்கு வார்த்தை அவர் எழுதினபடியே நடக்கிறது! இன்னும் கொஞ்சம் சுமாராக எழுதியிருக்கக் கூடாதா என்று தன் நடையையே நொந்துகொண்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே தனக்கோடி வீட்டுக்கு ஓடினார்.

"என்னாப்பா, இன்னும் கோயம்புத்தூருக்கு பஸ்ஸு பாக்காம ஒக்காந்திருக்க?"

"நீங்கதானண்ணே வேணாம்னு..."

"நான் எப்ப சொன்னேன்? இனிமே காடுதான்டா எதிர்காலம்! சேலம் போயி பஸ்ஸு மாறுங்க. நானும் வரேன்."

வியாழக்கிழமை பூர்ணிமா பெயரைக் கூப்பிட்டார்கள். இடம் கிடைத்தது. வெளியே வந்த மகளைப் பார்த்து தனக்கோடி அழுதுவிட்டார். விருத்தகிரியும் அழுதார். ஆனால் அவர் அழுதது ராஜினாமாவுக்காக.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிது. போற வழியில கோயிலுக்குப் போயி ஒரு ராஜினாமா எழுதிடலாமாம்மா?"

"நாலு வருஷம் இருக்குதுங்களே, பெரியப்பா. பட்டம் வாங்கிட்டு வந்து எழுதிடறேன். அதுவரைக்கும் எங்கப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாம இருங்க, போதும்."

நான்கு வருஷமும் விருத்தகிரி தனக்கோடி வீட்டுப் பக்கம் வாய் திறக்கவில்லை. ஃபீஸ் கட்டுகிற நாளை மட்டும் ஞாபகப்படுத்தினார். திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? மற்ற வீடுகளில், "தனக்கோடி பொண்ண ஃபாரஸ்ட்ரிக்கு அனுப்பினதே நான்தான்" என்று சொல்லி, பல்லியைப் பார்த்தாலே கட்டில்மேல் ஏறுகிற பையன்களையெல்லாம் காட்டுக்குக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

இதைப் படித்துச் சிரிக்கிறீர்கள், சரி. போன ரிசல்ட் சமயத்தில் பக்கத்து வீட்டுப் பெண் சாக்லேட் டப்பாவோடு வந்தபோது, "இந்த குரூப்புக்கு அது சரிப்படாதே" என்று நீங்கள் ஏதோ சொன்னீர்களாமே? அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, உங்கள் வீட்டுக் கதவு எண்ணையும் பின்கோடையும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டு போனாளாமே? இன்றைக்குச் சோறு ஒழுங்காக இறங்கியதா?