துரைசானியின் நீச்சல் சட்டை

மூன்றாவது வாளியிலும் தண்ணீர் கருப்பாகவே போனது. ராஜவேலு சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

ஆம்பூரில் வாஹித் பாஷாவின் தோல் பதனிடும் ஷாப்பில் அவர் செலக்டர். வருகிற ஆட்டுத்தோலைத் தடவிப் பார்த்து, முதல் தரம், ரெண்டாம் தரம் என்று பிரித்துப் போடுகிற வேலை. பன்னிரண்டு வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று காலெல்லாம் வெந்த பிறகு கிடைத்த நாற்காலி. அந்த நாற்காலிக்குத்தான் இப்போது ஆபத்து.

அது அறுபத்திநாலாம் வருஷம். ஜெர்மனியிலிருந்து தோல் வாங்க வந்த துரை, மனைவியோடு வாடகைக் காரில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, முதலாளியின் பங்களாவில் தங்கியிருந்தார். மகாபலிபுரத்தில் கடலில் நீந்திவிட்டு வந்த துரைசானி, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உறையாக இருந்த ஈரச் சட்டையைக் கொடுத்து, உப்புப் போக அலசி வைக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கடலுக்குப் போக வேண்டுமாம்.

"அந்தம்மா சிரிச்சாதான் துரை ஆர்டர்ல கையெழுத்து போடுவாரு" என்றார் பாஷா. "இதுல ஒரு பேஜார் வந்துச்சு, நீ திரும்பவும் தொட்டியில எறங்க வேண்டியதுதான்."

சட்டையோடு ஒரு அச்சடித்த காகிதமும் வந்தது. குமாஸ்தா பஞ்சாட்சரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். சட்டை ரப்பராம். உடம்போடு ஒட்டுகிற அளவாகப் பார்த்து எடுக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் குளிர் உள்ளே போகும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும்.

"ரப்பர்னு காகிதம் வேற சொல்லணுமா?" என்றார் ராஜவேலு. "இருபது வருஷமா தோல் தொட்ட கை இது. தொட்டவுடனே தெரிஞ்சு போச்சு, இது எந்த ஆடுமாட்டுத் தோலும் இல்லன்னு."

தண்ணீர் ஏன் கருக்கிறது என்று கேட்டதற்கு, கடல் அழுக்கு என்று பஞ்சாட்சரம் தீர்ப்பளித்தார். இங்கிலீஷ் படித்தவர் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? இன்னும் ரெண்டு வாளி ஊற்றி அலசி, நிழலில் தொங்கவிட்டார்கள்.

மறுநாள் காலை சட்டை விறைத்துப்போய்த் தானாக நின்றது. சுருங்கியும் விட்டது. துரைசானிக்கு ஒரு மகள் இருந்தால் அவளுக்குச் சரியாக இருக்கும். பஞ்சாட்சரம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுருங்கினால் என்ன செய்வதென்று அதில் போடவில்லை.

ராஜவேலுவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் விளக்கெண்ணெய். தேய்த்தார். சட்டை இளகியது. அத்தோடு விட்டிருக்கலாம். அளவும் வரட்டுமே என்று, தோலை இழுத்துக் காயவைக்கிற பலகையில் கைகாலை விரித்து ஆணி அடித்தார். மத்தியானம் டர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், முதுகு கழுத்திலிருந்து இடுப்பு வரை பிளந்து கிடந்தது.

ராஜவேலு தரையில் உட்கார்ந்துவிட்டார். சுண்ணாம்பு தின்ற கால் தழும்பைத் தடவிக்கொண்டார். அழுகையே வந்துவிட்டது.

"புதுசா ஒண்ணு தச்சுடலாம்" என்றார் பஞ்சாட்சரம்.

"ரப்பருக்கு நான் எங்க போவேன்?"

"தோல்ல தைப்பா. கருப்பு பாலீஷ் போட்டா அந்தம்மாவுக்கு இன்னா தெரியப்போவுது?"

ராஜவேலு கிடங்குக்குள் போய், இருக்கிறதிலேயே மெல்லிசாக எட்டு ஆட்டுத்தோல் பொறுக்கினார். அவ்வளவு கருத்தாக அவர் எந்த ஏற்றுமதிக்கும் தரம் பிரித்ததில்லை. துரைசானியை அளவெடுக்கிற தைரியம் யாருக்கும் இல்லாததால், பங்களாவில் துணி துவைக்கும் கண்ணம்மாளை நிற்க வைத்து அளந்தார்கள். மேலே ரெண்டு விரல் ஜாஸ்தி, இடுப்பில் நாலு விரல் கம்மி என்று அவளே திருத்தம் சொன்னாள். செருப்பு தைக்கிற மெஷினில் தைத்து, பழைய சட்டையின் ஜிப்பைப் பிரித்து வைத்து, சனிக்கிழமை சாயங்காலம் பளபளவென்று கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

துரைசானி போட்டுப் பார்த்தார். கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினார். முன்னைவிடக் கச்சிதமாக இருக்கிறது என்று வாயாரப் புகழ்ந்தார். துரை கையெழுத்துப் போட்டார். பாஷா, ராஜவேலுவைத் தலைமை செலக்டர் ஆக்குவதாக எல்லார் முன்னாலும் சொன்னார்.

ராஜவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆட்டுத்தோல் தண்ணீர் குடிக்கும். கடலுக்குள் போனால் மூட்டையாகக் கனத்து அந்தம்மாவை அப்படியே கீழே இழுத்துவிடும். தொட்டியில் நிற்பதாவது காலோடு போகும். ஒரு பெண்பிள்ளையின் உயிரை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தால், உடம்பில் எது ஒட்டும்?

ஞாயிறு காலை, மெட்ராஸிலிருந்து துரையின் காரை ஓட்டி வந்த டிரைவர் சாமுவேலிடம் ஓடினார். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். முதலாளியிடம் தானே போய் ஒத்துக்கொள்வதாகவும், அதுவரை வண்டி ரிப்பேர் என்று சொல்லி எப்படியாவது நிறுத்தி வைக்க வேண்டும் என்றும் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

சாமுவேல் கார்க் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"பயப்படாதீங்கண்ணே, ரப்பர் சட்டை போன வாரமே வாணியம்பாடி ஷாப்புல கிழிஞ்சு போச்சு, அந்தம்மா மகாபலிபுரத்துல ஜோரா நீந்தினது, அந்த ஷாப்காரங்க ரகசியமா தச்சுக் குடுத்து, இப்ப நீங்க கிழிச்சீங்களே, அந்த ஆட்டுத்தோல் சட்டையிலதான்."