வியாழக்கிழமை லேடீஸுக்கு மட்டும்

"ஆதார் கார்டா? அதுல என்ன குறை?" ரவிக்குமார் மனைவியின் கார்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"பேரு தப்பா இருக்குங்க" என்றாள் ராஜகுமாரி.

"ராஜகுமாரி. சரியாத்தானே இருக்கு?"

"போட்டோவைச் சொன்னேன். செத்தவ மாதிரி இருக்கேன்."

"ஆதார்ல எல்லாருமே அப்படித்தான். அதுக்காக லாங் ஐலண்ட்ல போட் ஏறி, அப்புறம் பஸ் ஏறி, மாயாபந்தர் போகணுமா? டீக்கடையை யார் பார்க்குறது?"

விஷயம் வேறு. போன வாரம் அந்த அந்தமான் தீவுப் பள்ளியில் மகள் ப்ரியங்காவுக்கு ஹெச்.பி.வி. ஊசி போட்டார்கள்; கர்ப்பப்பை வாய்ப் புற்றைக் கொண்டுவரும் கிருமியைத் தடுக்கும் ஊசி. கையெழுத்துப் போட வந்திருந்த அம்மாக்களை நர்ஸ் விடவில்லை. "பொண்ணுக்கு ஊசி. முப்பது தாண்டின உங்களுக்கு டெஸ்ட். வியாழக்கிழமை மாயாபந்தர் ஆஸ்பத்திரிக்கு வாங்க. அஞ்சு நிமிஷ வேலை."

அம்மாக்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

ராஜகுமாரியின் அக்கா அங்கம்மாவும் இப்படித்தான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏற்றியபோது புற்று கர்ப்பப்பை வாயைத் தாண்டியிருந்தது. செத்த பிறகும் "யாருகிட்டப் போனாளோ" என்றது ஊர். கிருமி என்ன, நன்னடத்தைச் சான்றிதழ் பார்த்தா ஏறுகிறது? தாலி கட்டியவன் வழியாகவும் வரும். அதை எந்த ஆம்பளையிடமும் ஊர் கேட்டதில்லை.

அதனால்தான் இந்த ஆதார் சாக்கு.

"பழைய போட்டோ இருந்தா ரேஷனை நிறுத்திடுவாங்களாம்" என்று அடுத்ததை அவிழ்த்துவிட்டாள்.

ரவிக்குமார் டம்ளரைக் கீழே வைத்தான். "அய்யய்யோ! என் போட்டோல மீசையே இல்லையே. நானும் வர்றேன்."

"வியாழக்கிழமை லேடீஸுக்கு மட்டுங்க!"

கடை பெஞ்சில் டீ உறிஞ்சிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சொர்ணம்மா நிமிர்ந்தாள். "லேடீஸ் மட்டுமா? அடியே, அப்ப நானும் வர்றேன்."

"நீங்க எதுக்குக்கா? போன மாசம்தானே மாத்துனீங்க?"

"அதுல மூக்குத்தி சரியா விழலடி."

சாயங்காலத்துக்குள் சேதி தீவைச் சுற்றிவிட்டது. வியாழன் காலை படகுத்துறையில் எட்டுப் பெண்கள், எட்டுப் புதுச்சேலை, தலைகொள்ளாத பூ. ரெங்கம்மா எலுமிச்சைச் சாதமே கட்டி வந்திருந்தாள். வைஜெயந்தி கையில் பவுடர் டப்பா.

ராஜகுமாரி தலைகளை எண்ணினாள். ஒரு புருஷனுக்குப் பயந்து பொய் சொன்னால், ஏழு சாட்சிகள் கூடவே வருகிறார்கள். இவர்களை எங்கே கழற்றிவிடுவது?

மாயாபந்தரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் வாயைத் திறக்கும் முன்பே சொர்ணம்மா முந்திக்கொண்டாள். "எனக்கு வளையல் கடையில சின்ன வேலை. நீங்க போங்க, வந்துடறேன்."

"எனக்கு ஜாக்கெட் துணி" என்றாள் ரெங்கம்மா.

வைஜெயந்திக்குத் திடீரென்று மாயாபந்தரில் ஒரு சித்தி முளைத்தாள்.

இரண்டு நிமிடத்தில் தெரு காலி. "முருகா, நீ தெய்வம்யா" என்று ராஜகுமாரி மாஸ்க்கை மாட்டி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கவுண்டரில் ஆதாரைக் கொடுத்துப் பேரைப் பதிந்துகொண்டு உட்கார்ந்தாள். வரிசையில் இருந்தவர்களும் மாஸ்க்கும் முக்காடுமாக ஆளுக்கொரு சுவரை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் சௌமியா பார்த்து முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். "ஒண்ணுமே இல்லம்மா. சுத்தமா இருக்கு. அஞ்சு வருஷம் கழிச்சு வாங்க."

ராஜகுமாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், டாக்டருடைய பேனாவைத் தட்டிவிட்டாள், வெளியே பாய்ந்தாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவாள் போலிருந்தது. யாரிடம் சொல்வது?

திரும்பும் பஸ்ஸில் எட்டுப் பேரும் ஒன்றுசேர்ந்தார்கள். ஒரே சிரிப்பு. எலுமிச்சைச் சாதம் கைமாறியது.

"போட்டோ எப்படிக்கா வந்துச்சு?"

"மூக்குத்தி பளிச்சுன்னு! உனக்கு?"

"சினிமா ஸ்டார் மாதிரி" என்ற ராஜகுமாரி கைக்குட்டைக்காகப் பைக்குள் கையை விட்டாள். கார்டைக் காணோம்.

ஆஸ்பத்திரி கவுண்டர்!

பஸ் நகர்ந்தது. அதே நேரம் ஆஸ்பத்திரி அட்டெண்டர் மூச்சிரைக்க ஓடிவந்து பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டினான். "ரோக்கோ! ரோக்கோ! நிறுத்து!"

போச்சு, மானம் கப்பலேறிவிட்டது. ராஜகுமாரி சீட்டுக்கடியில் குனிந்தாள். பஸ்ஸுக்குள் சிரிப்பு சட்டென்று நின்றது.

படியில் ஏறிய அட்டெண்டர் ஒரு கட்டு கார்டுகளைத் தூக்கிக் காட்டினான்.

"அரே, லாங் ஐலண்ட் தீதிங்களா, அக்காங்களா! டெஸ்ட் முடிஞ்ச குஷியில எட்டுப் பேரும் ஆதாரை எங்க கவுண்டர்லயே விட்டுட்டு வந்தா எப்படி?"