சாக்ஸபோன் கேட்டு வந்த ரோஜா மாலை

மழையே பெய்யாத ஊரில் உட்கார்ந்துகொண்டு மழை ராத்திரி இசை தேடுகிறவனிடம் எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்கக் கூடாது. குறிப்பாக, அவனுடைய கல்யாணப் பொறுப்பை அவனிடமே கொடுக்கக் கூடாது.

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்கும் கடை எங்களுடையது. வெயில் கொளுத்தும் ஒரு மத்தியானம், வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்தில், போனில் ஒரு பழைய வெளிநாட்டுக் கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தேன். தொப்பி போட்ட துப்பறிவாளன் ஒருவன் நனைந்த தெருவில் தனியாக நடந்து போகிறான். பின்னால் ஒரு சாக்ஸபோன் யாரையோ நினைத்து ஏங்குகிறது. கதை ஒரு வரிகூடப் புரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு அந்த இசைதான் வேண்டும் என்று ஆகிவிட்டது.

தேடுவது லேசாக இல்லை. 'சோக சாக்ஸபோன்' என்று தேடினால் ரிசப்ஷனில் வாசிக்கிற பழைய சினிமாப் பாட்டுகள் வந்து விழுந்தன. 'துப்பறியும் படப் பின்னணி இசை' என்றால் யாரோ யாரையோ துரத்திக்கொண்டே இருந்தார்கள். (கேட்டுக்கொண்டே பில் போட்டால் நமக்கே மூச்சு வாங்கும்.) கடைசியில் ஒரு வீடியோவுக்குக் கீழே ரசிகர்கள் எழுதியிருந்ததைப் படித்துப் படித்துத்தான் வழி தெரிந்தது. ட்ரம்பெட்டின் வாயை மூடி வாசித்திருக்க வேண்டும். டிரம்ஸைக் குச்சியால் அடிக்காமல் பிரஷ்ஷால் தடவியிருக்க வேண்டும். பாட்டே இல்லாத படமாகப் பார்த்து, அதன் இசைத் தொகுப்பைத் தேட வேண்டும். இப்படிச் சேர்த்ததை எல்லாம் 'மழை ராத்திரி' என்று பெயர் வைத்துப் போனில் போட்டுக்கொண்டேன். ஜன்னலைச் சாத்தி, லைட்டை அணைத்து, இருட்டில் உட்கார்ந்து கேட்பேன். "தல வலிக்குதா சாமி? கசாயம் வெக்கட்டா?" என்பார் அம்மா.

அப்போது எனக்கு வயது முப்பத்து மூன்று. எங்கள் பக்கத்தில் பெண் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஊருக்கே தெரியும். தோட்டம் இருந்தால் 'வெளிநாட்டு வேலை இல்லையா' என்பார்கள். கடை இருந்தால் 'கவர்ன்மென்ட் வேலை இல்லையா' என்பார்கள். அப்பாவுக்கு அந்த வருடம்தான் இருதய ஆபரேஷன் ஆகியிருந்தது. வீடு அதிரச் சிரிக்கிற மனிதர், ஆபரேஷனுக்குப் பிறகு சிரிப்பதையே விட்டுவிட்டார். தையல் விட்டுப்போகும் என்று பயம். "இவனுக்கு ஒண்ணு முடிஞ்சுதுன்னா போதும்" என்பதைத் தவிரப் பேச்சும் இல்லை. அந்த ஒன்று முடிய வேண்டுமே என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் கவலையாக இருந்தது.

ஒருவழியாகத் தம்மம்பட்டிப் பக்கம் ஒரு ஜாதகம் பொருந்தியது. போட்டோவிலேயே எனக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. பெண் வீட்டுப் பெரியவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக நாள் குறித்தார்கள்.

எங்கள் வீடு தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து மண்பாதையில் திரும்பி வர வேண்டும். வெயிலுக்காக வாசலில் சாமியானா போட்டோம். வாடகைக்கு பிளாஸ்டிக் சேர்கள் வந்தன. பங்காளிகள் எல்லோரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வெளியே நின்றார்கள். பாட்டு மட்டும் என் பொறுப்பு. அம்மா சொன்னபடி முதலில் நாதஸ்வரம்தான் போட்டேன். அது முடிந்ததும் எனக்குள் இருந்த ரசிகன் விழித்துக்கொண்டான். நாதஸ்வரம் எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது. நம் ரசனை தெரிய வேண்டாமா? இடுப்பளவு உயரமான ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டையும் பாதையைப் பார்த்துத் திருப்பி வைத்து, 'மழை ராத்திரி'யைப் போட்டு, சத்தத்தையும் கூட்டி வைத்தேன்.

வேன் மண்பாதை முனையில் திரும்பியது. நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு ரிவர்ஸ் எடுத்து, வந்த வழியே போய்விட்டது.

அம்மா அப்படியே ஒரு சேரில் உட்கார்ந்துவிட்டார். தரகரும் அந்த வேனில்தான் இருந்தார், போனை எடுக்கவில்லை. பெயின்ட் அடித்திருக்கலாம் என்றார் மாமா. பாதைக்கு ஜல்லி கொட்டியிருக்கணும் என்றார் சித்தப்பா. என் மூஞ்சியைத் தூரத்திலிருந்தே பார்த்திருப்பார்கள் என்றாள் தங்கை. ஸ்பீக்கரை யாரும் சந்தேகப்படவில்லை. (சாக்ஸபோன் ஏங்கிக்கொண்டேதான் இருந்தது. சொல்லப்போனால், என் வாழ்க்கைக்கு அது அவ்வளவு பொருத்தமாக ஒலித்தது அன்றைக்குத்தான்.) அப்பா எழுந்து, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அரைமணி கழித்து வேன் திரும்பி வந்தது. பழத்தட்டு எதையும் காணோம். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினார்கள். பெண்ணின் பெரியம்மா நேராக ஓடிவந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். சம்பந்தம் வேண்டாம் என்பதை இவ்வளவு வருத்தத்தோடு சொல்கிறார்களே என்று அம்மாவும் கூடவே அழுதார். பின்னால் பெண்ணின் அப்பா வந்தார், இரண்டு கையாலும் ஒரு பெரிய ரோஜா மாலையைத் தாங்கிக்கொண்டு.

அழுகைச் சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்தார். "என்னங்க ஆச்சு?"

பெரியம்மாவின் அழுகை பாதியில் நின்றது. பெண்ணின் அப்பா என் அப்பாவைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், மறுபடி என் அப்பாவைப் பார்த்தார்.

"நீங்க... அப்ப, தவறுனது யாருங்க?"

"எங்கூட்ல யாரும் தவறலீங்களே!"

"சாமியானா போட்டிருக்கு, பேண்டு செட்டு வேற வாசிக்குதுங்களே..." என்று ஸ்பீக்கரைக் காட்டினார்.

எங்கள் பக்கம் துக்க வீடுகளில் ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் வைத்து நிறுத்தி நிதானமாக வாசிப்பார்கள். வாழ்நாளெல்லாம் கேட்டு வளர்ந்த எனக்கு அது அந்த நிமிடம்தான் உறைத்தது. பாய்ந்து போய்ப் போனை அணைத்தேன். ஆபரேஷன் ஆன மனிதர் இருக்கிற வீடு என்று தெரிந்துதான் வந்திருக்கிறார்கள். முனையில் வாசிப்பைக் கேட்டதும், யார் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

பெண்ணின் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "சகுனமே சரியில்ல. வண்டிய எடுக்கச் சொல்லுங்க, போலாம்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்த மாலை எனக்கே தேவைப்பட்டிருக்கும்.

அப்பா மட்டும் அசையவில்லை. "ஒரு நிமிசம் இருங்க. நல்ல காரியத்துக்குப் பொறப்பட்டு வந்தவங்க. துக்கம்னு தெரிஞ்சதும் அப்படியே போயிருக்கலாமுங்களே? எதுக்குத் திரும்பி வந்தீங்க?"

"சம்பந்தம் ஆகுது, ஆகல, அது அப்புறமுங்க" என்றார் பெண்ணின் அப்பா. "ஒரு மனுசன் தவறிட்டார்னு தெரிஞ்சும் எட்டிப் பாக்காம போக முடியுங்களா? அதான் திருச்செங்கோடு வரைக்கும் போய் மாலை வாங்கிட்டு வந்தோம்."

அப்பா கழுத்தை நீட்டினார். "போடுங்க."

"ஐயையோ, என்னங்க பேசறீங்க!"

"எனக்குன்னு வாங்குனதுதானுங்க? நான் போனப்பறம் போட்டீங்கன்னா எனக்குத் தெரியவா போகுது? இப்பவே போடுங்க, யார் போட்டாங்கன்னு பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். ஒரு கையால் நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வீடு அதிரச் சிரித்தார். அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு அவரையே பார்த்தார். பெண்ணின் அப்பாவும் சிரிக்கத் தொடங்கிக் கடைசியில் மாலையைப் போட்டே விட்டார். சகுனம் பார்த்த பெரியப்பா மட்டும் வெகுநேரம் தாக்குப்பிடித்தார். பாயசம் வந்ததும் அவரும் விழுந்தார். உள்ளே வந்து அப்பா என் காதில் சொன்னார்: "இந்த மனுசன் ஊட்டுப் புள்ளைய உட்றாதடா சாமி."

விடவில்லை. அன்று சாயந்திரமே கீர்த்தனா, அதாவது அந்தப் பெண், இன்று என் மனைவி, போன் செய்தாள். நாங்கள் பேசிய முதல் பேச்சு: "எங்க பெரியம்மாவ அழ வெச்ச பாட்டு எதுங்க? எனக்கும் அனுப்புங்க." அனுப்பினேன். கேட்டுவிட்டு, எந்தப் படத்தில் வருகிறது, என்ன காட்சி என்று விசாரித்தாள். கொலை நடந்த வீட்டுக்குத் துப்பறிவாளன் போகிற காட்சி என்றேன். "அப்ப பெரியம்மா சரியாத்தாங்க கண்டுபுடிச்சிருக்காங்க. பொணம் எந்த வீடுங்கறதுலதான் கொஞ்சம் தப்பு" என்றாள்.

இன்றைக்கும் மாமனார் எங்கள் வீட்டுக்கு வரும்போது நேராக வந்துவிட மாட்டார். மண்பாதை முனையில் வண்டியை நிறுத்தி, அப்பாவுக்குப் போன் போடுவார். "எல்லாரும் சௌக்கியமாங்க? உள்ள வரலாமுங்களா?" அப்பா ஆமாம் என்ற பிறகுதான் வண்டி வீட்டுப் பக்கம் திரும்பும். என் குழந்தைகளுக்கு அது விளையாட்டு. தாத்தாவின் போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லிச் சுற்றி நின்றுகொள்வார்கள்.

போன மாதம் அப்பாவுக்கு மறுபடி முடியாமல் போய், சேலத்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்து கூட்டி வந்தோம். மறுநாள் மத்தியானம் போன் அடித்தது. முனையில் மாமனாரின் வண்டி நிற்பது ஜன்னலில் தெரிந்தது. அன்றைக்கு அவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. "சம்பந்தி..." என்றார், அதற்கு மேல் குரல் வரவில்லை. அப்பா எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. நான் போனை அவர் வாயருகே பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் இருக்கறேனுங்க சம்பந்தி. வாங்க, சோறு ஆறுது."