முள்ளம்பன்றி வேனும் கெட்டி ஆயிலும்

ஒரு காட்டில் கிளட்ச்சே இல்லாத வேன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் கியர் தானாக விழும். ஓட்டியவள் மரகதவல்லி என்ற முள்ளம்பன்றி. காட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவது அவள் வேலை. நல்ல வசதியான வேன்தான். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் மட்டும் யாரும் உட்காரமாட்டார்கள்.

ஒருநாள் மேட்டில் வேன் திணறியது. கியர் ஆயில் மாற்ற வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தானா யானை அதிகாரியிடமிருந்து கடிதம் வரவேண்டும்? "திங்கட்கிழமை காலை சோதனை. பிள்ளைகளோடு மேட்டுப் பள்ளிவரை ஓட்டிக்காட்டவும். தவறினால் சவாரி அடுத்த விண்ணப்பதாரருக்கு."

அடுத்த விண்ணப்பதாரர் கழுதைப்புலி. மரகதத்துக்குக் காய்ச்சல் வந்த அன்று அவர்தான் ஜீப்பில் சவாரி போனார். பதின்மூன்று பிள்ளைகள் ஏறினார்கள், பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். கேட்டதற்கு, "ஒண்ணு வழியிலேயே இறங்கிடுச்சுங்க" என்றார், பல்லைக் குத்திக்கொண்டே. அன்றிலிருந்து காட்டுத் தாய்மார்களுக்கு மரகதம்தான் குலதெய்வம்.

அவள் குரங்கின் ஆயில் கடைக்கு ஓடினாள். அங்கே பெரிய வரிசை. முறை வந்ததும் குரங்கு ஒரு படிவத்தை நீட்டியது.

"அக்கா, தண்ணியான ஆயிலா, கெட்டியான ஆயிலா? மூணாவது கட்டத்துல எழுதுங்க."

"எனக்கெப்படிப்பா தெரியும்?"

"வண்டிப் புத்தகத்துல நம்பர் போட்டிருப்பானே!"

புத்தகம் கையில்தான் இருந்தது. ஆனால் வேன் வாங்கிய அன்று பூசை போட்ட மயில் பூசாரி, வேனுக்குப் பொட்டு வைத்ததோடு நிற்காமல், புத்தகத்துக்கும் பக்கம் பக்கமாகச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். ஆயில் நம்பர் மேலேயே ஒரு பொட்டு, வடை அளவுக்குக் காய்ந்து கிடந்தது.

"சுரண்டிப் பார்த்தா ஆச்சு" என்றது குரங்கு.

வரிசையே பதறியது. "பொட்டை அழிக்கிறதாவது! சோதனையை வச்சுக்கிட்டா?"

பின்னால் நின்ற கரடி முன்னே வந்தது. "மரகதம், இதுக்கு எதுக்குப் புத்தகம்? நல்ல தேன் எப்படி இருக்கும்? கெட்டியா இருக்கும்."

"பாலும் அப்படித்தான்" என்றாள் காட்டெருமை. "தண்ணியா இருந்தா கலப்படம்."

"எங்க வீட்டுச் சட்னியும்" என்றாள் மான்.

"ஐயோ, காலைக் குளிருல கெட்டி ஆயில் நகராதுங்க, கியர் விழாது!" என்று குரங்கு கத்தியது.

"பாரேன், தண்ணி கலந்து விக்கப் பாக்குறான்!" என்றது வரிசை.

குரங்குக்கு எதற்கு வம்பு? இருப்பதிலேயே கெட்டியான டின்னை எடுத்துக் கொடுத்தது. டின்னைக் கவிழ்த்தாலும் விழவில்லை. கரடி கைவிட்டு வழித்துப் போட்டது. "இதுவல்லவா ஆயில்!"

கழுதைப்புலி மட்டும் தன் புத்தகத்தைப் படித்து, அதில் சொன்ன மெல்லிய ஆயிலையே வாங்கிப் போனார். அவர் புத்தகத்தில் பொட்டு இல்லை. அவர் ஜீப்புக்குப் பூசை போடப் போன பூசாரி வீடு திரும்பவே இல்லை.

திங்கட்கிழமை நல்ல பனி. பன்னிரண்டு பிள்ளைகள் ஏறினார்கள். யானை அதிகாரி பின்சீட்டு முழுவதையும் நிரப்பி உட்கார்ந்தார். மரகதம் லீவரைத் தள்ளினாள். வேன் "ம்ம்ம்" என்று யோசித்தது. பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாடு சொல்லி முடித்தபோது ஓரடி நகர்ந்தது. பின்னால் வந்த நத்தை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு முந்திப் போனது. மேடு வந்ததும் வேன் அதுவும் இல்லாமல் நின்றே போனது.

மரகதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கரடிக்குட்டிதான் குதித்து இறங்கியது. "அத்தை, நியூட்ரல்ல போடுங்க. நாங்க தள்றோம்!"

பன்னிரண்டு பேரும் தள்ளினார்கள். தொட்டில் ஆட்டியதுபோல் வேன் மெல்ல மெல்ல மேடேறியது. பள்ளி வாசலில் எழுப்பியபோதுதான் அதிகாரி கண் விழித்தார். படிவத்தை எடுத்தார்.

"ஏறியது பன்னிரண்டு, இறங்கியது பன்னிரண்டு, சரி. வேகம் முப்பதுக்குள், சரி. குலுக்கல்? நான் தூங்கியே போயிட்டேனே! தேர்ச்சி."

அடுத்து கழுதைப்புலி. எந்தத் தாயும் பிள்ளை தராததால் பன்னிரண்டு பூசணிக்காயை ஏற்றிக்கொண்டு, இரண்டே நிமிடத்தில் சர்ரென்று மேலே வந்தார்.

"அதிவேகம். தோல்வி."

"சார், என் வண்டியில கியர் சரி, ஆயிலும் சரி! புத்தகத்துல போட்ட அதே ஆயில்!"

"படிவத்தில் ஆயிலுக்குக் கட்டம் இல்லையே" என்றார் யானை.

அன்றிலிருந்து தினமும் பிள்ளைகள் வேனைத் தள்ளிக்கொண்டே பள்ளிக்குப் போகிறார்கள். சாயங்காலம் போட்டதைத் தின்றுவிட்டு, கதைகூடக் கேட்காமல் தூங்கிவிடுகிறார்கள். தாய்மார்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஒருநாள் புத்தகத்துச் சந்தனம் தானாகவே உதிர்ந்தது. குரங்கு எட்டிப் பார்த்தது. "நான் சொன்னேன்ல, தண்ணி ஆயில்தான்! மாத்திடலாமா அக்கா?"

"வாலை நறுக்கிடுவோம்!" என்றார்கள் அத்தனை தாய்மார்களும்.

மரகதம் சந்தனம் குழைத்தாள். நம்பர் மேலேயே, முன்னைவிடப் பெரிதாக, ஒரு பொட்டு வைத்தாள்.

நீதி: வண்டிக்குச் சரியான ஆயில் தேடி அலையாதீர்கள், தள்ளுவதற்குப் போதுமான பிள்ளைகளைப் பெற்றுக்கொள்ளுங்கள்.