கடைசி வரிசைக்காரரின் துக்க நோட்டீஸ்

"மூணு நாளா பச்சைத் தண்ணி பல்லுல படல என் தம்பிக்கு. அந்தக் கடைசி வரிசைக்காரன் கை புழுத்துப் போக!" என்று மனைவி நஜ்லா சபித்தபோது, ஃபாயெக் அந்தக் கையால்தான் ஓர் ஆலிவ் காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

காய் தொண்டையில் நின்றது.

"மெதுவாத் தின்னுங்க. நீங்களும் போய்ச் சேர்ந்துடாதீங்க."

நஜ்லாவின் கணக்கில் காபியும் சிகரெட்டும் சேராது. ஆனாலும் அவள் தம்பி ஹைஸம் நிஜமாகவே இளைத்துப் போயிருந்தான். இரண்டு வருஷம் உயிரைக் கொடுத்து ஒரு பேய்ப் படம் எடுத்தான். குளிப்பாட்டாமல் புதைத்த ஒரு மணப்பெண் திரும்பி வருகிற கதை. லெபனானில், அவர்களுடைய திரிப்போலி நகரத்திலேயே ஒரு சின்ன அரங்கில் மூன்று காட்சி ஓடியது. அதைப் பற்றி உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் எழுதினான். 'கடைசி வரிசை' என்ற பக்கத்தில், பெயர் போடாமல்.

அவன் எழுதியது இவ்வளவுதான்: "பேயைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை, பரிதாபம்தான் வந்தது. அவ்வளவு தூரம் நடந்து வந்தவளுக்கு யாராவது ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருக்கலாம்."

அந்த ஆள் ஃபாயெக். பதினோரு வருஷமாக ஃபாயெக்தான்.

பகலில் அவன் ஹாஜ் முனீரின் ஜெனரேட்டர் ஆபீஸில் குமாஸ்தா. அரசாங்கக் கரண்ட் கண்ணாமூச்சி ஆடுகிற ஊரில் நானூறு வீட்டுக்கு விளக்கெரிவது ஹாஜியார் புண்ணியத்தில். அந்த நானூறு பேரின் ரெஜிஸ்தர் ஃபாயெக்கின் மேஜையில். மற்ற நேரத்தில் யாரும் பார்க்காத படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பான். எல்லையோரத்தில் ஒரு மேய்ப்பன் தொலைந்த ஆட்டைத் தொண்ணூறு நிமிஷம் தேடுகிற படம். "ஆடு முதல் காட்சியிலேயே அவன் பின்னால் நிற்கிறது. இயக்குநருக்கே அது தெரியாது" என்று எழுதினான். மொராக்கோவில் யாரோ எடுத்த பேய்ப் படம் ஒன்று. அதில் பேய் கடைசிவரை சமையலறையை விட்டு வெளியே வராது. "என் அம்மாவும் அப்படித்தான் இருந்தாள்" என்று எழுதிவிட்டு அன்று முழுக்க அழுதான். படிக்கிறவர்கள் முப்பது, நாற்பது பேர் இருக்கலாம். அதில் பாதி தானேதான் என்பது அவன் எண்ணம்.

முதலில் கூச்சத்தில் மறைத்தான். இப்போது உயிர்ப் பயத்தில் மறைத்தான். நஜ்லாவுக்குத் தெரிந்தால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அந்தக் குடும்பத்துப் பெண்கள் போனால் வருகிற ரகம் இல்லை. அவள் அக்கா கோபித்துக்கொண்டு போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இன்னும் அங்கேதான் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

சரி, எழுதியதை அழித்துவிட்டால் தீர்ந்தது என்று மறுநாள் காலையிலேயே அழித்தான்.

மத்தியானம் ஹைஸம் ஆபீஸுக்கே வந்துவிட்டான். கையில் அந்த விமர்சனம், பிளாஸ்டிக் உறை போட்டு.

"அழிச்சுட்டான் மச்சான்! குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுங்குது பாத்தீங்களா? எவனோ சொல்லிக் குடுத்து எழுதியிருக்கான். ஆளைக் கண்டுபிடிக்காம நான் சோத்துல கை வைக்க மாட்டேன்."

"விடு ஹைஸம். யாரோ ஒரு பைத்தியக்காரன்."

"பைத்தியமா இருந்தா தெளிய வைப்பேன்."

ஹைஸமின் மாமன் மகன்களில் உள்ளூரில் இருக்கிற நால்வரும் கசாப்புக் கடைக்காரர்கள். தெளிய வைக்கிற சாமானெல்லாம் வீட்டிலேயே உண்டு.

அன்று சாயங்காலம் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் ஃபாயெக் புதிதாக எழுதினான்: "இரண்டாம் முறை யோசித்தேன். மிரண்டு போனேன். இதைவிடப் பயங்கரமான படம் நம் நாட்டில் வந்ததில்லை."

"பயங்கரமான படமாம்! நக்கலப் பாருங்க!" என்று மறுநாள் காலை ஹைஸம் ஆபீஸில் மறுபடி வந்து நின்றான். "ஆனா இந்தத் தடவை மாட்டிக்கிட்டான். போன் கடை வச்சிருக்கற என் சிநேகிதன் பதினோரு வருஷத்துப் பதிவையும் பாத்துட்டான். எல்லாமே நம்ம தெரு ஜெனரேட்டர் ஓட ஆரம்பிச்ச பத்து நிமிஷத்துக்குள்ள வந்திருக்கு. ஒண்ணுகூடத் தப்பல!"

இத்தனை வருஷம் பெயரை மறைத்த ஃபாயெக் நேரத்தை மறைக்கவில்லை. அட மடையா, என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"ஆள் உங்க சந்தாதாரன்தான் மச்சான். ரெஜிஸ்தரைக் குடுங்க. நானூறு வீடும் ஏறிடறேன்."

நானூறில் நூற்றுப் பன்னிரண்டாவது ஃபாயெக்கின் வீடு. அவன் ரெஜிஸ்தரைத் தன் பக்கம் இழுத்து, பக்கத்தைப் புரட்டுகிற பாவனையில் எங்காவது ஒரு ஆளில்லாத வீடு கிடைக்காதா என்று தவித்தான். கிடைத்தது. பணம் வசூலிக்கிற ஸப்ரியின் கோழிக் கிறுக்கலில்: வஹீப் தவ்ஃபீக் ஸம்மாக், பேக்கரிச் சந்து, ஏழாவது மாடி. வீடு பூட்டு. பிரேசில் போய்விட்டார். கம்பி வெட்டியாச்சு.

"நீ ஏற வேணாம்ப்பா. எனக்கே ஆளைத் தெரியும். வஹீப் தவ்ஃபீக்னு ஒருத்தர். இப்ப பிரேசில்ல இருக்காரு."

"பிரேசில்லேர்ந்து நம்ம ஜெனரேட்டர் நேரத்துக்கா எழுதறான்?"

"பழக்க தோஷம்."

ஹைஸம் இதை ஏற்றுக்கொண்டான். லெபனான்காரன் எங்கே போனாலும் ஜெனரேட்டர் சத்தம் காதிலேயே இருக்கும் என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் முகம் மலர்ந்ததுதான் ஆபத்தாக இருந்தது.

"பிரேசில்னா ரொம்ப நல்லது! எங்க பெரிய மாமா பையன் சாவோ பாலோல கசாப்புக் கடைதான வச்சிருக்கான்! இப்பவே போன் போடறேன்."

"போட்டு என்ன பண்ணப் போற?" ஃபாயெக்கின் வாய் அவனைக் கேட்காமலே மேலே பேசியது. "ஆள் செத்துட்டாரு."

"எப்போ?"

"இன்னிக்கு."

ஹைஸம் அவனைக் கூர்ந்து பார்த்தான். "செத்தா நோட்டீஸ் எங்க? சுவத்துல நோட்டீஸ் இல்லாம இந்த ஊர்ல எவன் செத்திருக்கான்?"

நியாயமான கேள்வி. இங்கே டாக்டர் சொன்னால்கூடப் போதாது, சுவர் சொல்ல வேண்டும்.

"அடிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றான் ஃபாயெக். ஹைஸம் தெரு முனை தாண்டியதும் அச்சகத்துக்கு ஓடினான்.

அச்சகத்து அதீப், ஊரில் பாதிப் பேரைச் சுவரில் ஏற்றியவர். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு கேட்டார். "பேரு, அப்பா பேரு, விலாசம் சரி. துக்கம் எங்க விசாரிக்கணும்?"

"அது வேணாங்க. சும்மா செத்தார்னு மட்டும் போடுங்க."

"சும்மா சாகறதாவது! எடம் போடலேன்னா ஊரே என் கடைக்கு வந்து கேக்கும். மண்டபம் எது, நேரம் எது சொல்லு. குடும்பத்துல யாரு?"

"யாரும் இல்ல. நான்தான்... சிநேகிதன்."

"அப்ப நீதான் நிக்கணும். ஆண்டவன் கூலி தருவான்."

அப்படியாக அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்பே பேக்கரிச் சுவரிலும் பள்ளிவாசல் சுவரிலும் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. 'கடைசி வரிசை' என்ற பெயரில் எழுதிவந்த பேக்கரிச் சந்து வஹீப் தவ்ஃபீக் ஸம்மாக் இன்று சாவோ பாலோவில் இறைவனடி சேர்ந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். நாளை அஸர் முதல் அந்தி மஃரிப் தொழுகை வரை பள்ளிவாசல் மண்டபத்தில் துக்கம் விசாரிக்கலாம்.

பசை தடவியது ஃபாயெக்தான். தன் பதினோரு வருஷத்தைத் தானே சுவரில் ஒட்டிவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். இனி ஒரு வரி எழுத முடியாது. ஆனால் வீடு பிழைத்தது என்று தேற்றிக்கொண்டான்.

மறுநாள் மண்டபத்தில் பத்து நாற்காலி போதும் என்றுதான் நினைத்தான். நாற்பது போட்டும் போதவில்லை. திரிப்போலியில் துக்கத்துக்கு வராமல் இருப்பதுதான் குற்றம், இறந்தவரைத் தெரியாமல் இருப்பது குற்றமில்லை. வந்தவர்களெல்லாம் ஃபாயெக்கின் கையைப் பிடித்து "உங்க ஆயுசு நீளட்டும்" என்றார்கள். சர்க்கரை இல்லாத காபியை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"தங்கமான மனுஷன். போன வாரம்கூட என்னோட பேசினாரு" என்றார் ஒருவர்.

"பிரேசில்லேர்ந்தா?" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

"மனசு விட்டுப் பேசினாரு" என்று அவர் பேச்சை மாற்றினார்.

அதுவரை சிரிப்பு. பிறகு தாடி வைத்த ஓர் இளைஞன், பெய்ரூட்டிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தவன், ஃபாயெக்கின் கையை விடாமல் அழுதான்.

"ஆட்டைத் தேடற படம் என்னுது சார். என்னைப் பெத்தவங்ககூடப் பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்க. இவர் ஒருத்தர்தான் அந்த ஆட்டைப் பார்த்தாரு. நானே பார்க்கல சார். அதைப் படிச்சுட்டுத்தான் ரெண்டாவது படம் எடுத்தேன். இனிமே யாருக்குக் காட்டுவேன்?"

இன்னும் நான்கைந்து பேர் அப்படி வந்தார்கள். ஒவ்வொருவர் போனிலும் 'கடைசி வரிசை' எழுதிய நாலு வரி பத்திரமாக இருந்தது. நான்தான்டா அது, நான் சாகலடா, என்று கத்த வேண்டும் போல ஃபாயெக்குக்கு வாய் துடித்தது. எதிரே ஹைஸமின் மாமன் மகன்கள் நால்வரும் வரிசையாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு அழுதான். அது நடிப்பில்லை.

மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் ஹைஸம் வந்தான். நேராக ஃபாயெக்கின் தோளில் சாய்ந்து குலுங்கினான்.

"செத்தவனோட எனக்கென்ன பகை மச்சான்? அந்தப் பேய்க்கு நான் தண்ணி குடுத்திருக்கணும். அவர் சொன்னது நிஜம்தான். முந்தாநாளே எனக்குப் புரிஞ்சுது, ரோஷம் விடல. அவரை மன்னிச்சுட்டேன். அவரும் என்னை மன்னிக்கட்டும்."

"மன்னிச்சிருப்பாருப்பா" என்றான் ஃபாயெக், மனப்பூர்வமாக.

"பசிக்குது மச்சான்."

"உங்க அக்கா கோழி வச்சிருக்கா. வா, போலாம்."

எல்லாம் முடிந்தது. ஒரு பொய், ஒரு பக்கெட் பசை, ஒரு அண்டா காபி. வீடு தப்பியது, மச்சினன் தப்பினான், யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மண்டபத்துக்காரர் நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார். ஃபாயெக் மூன்று நாளில் முதல் தடவையாக மூச்சை நிம்மதியாக விட்டான்.

அப்போது ஆண்கள் மண்டபத்துக்குள் ஒரு கிழவி நுழைந்தாள். வீட்டில் போட்டிருந்த கவுன், அவசரமாகச் சுற்றிய முக்காடு, காலில் ஜோடி சேராத செருப்பு. கையில் சுவரிலிருந்து பாதி கிழித்த நோட்டீஸ் இருந்தது.

"வஹீப் தவ்ஃபீக்குக்குத் துக்கம் இங்கதானா?"

"ஆமாங்கம்மா. நீங்க?"

"அவர் பொஞ்சாதி."

நாற்காலிகள் மறுபடி விரிந்தன. மண்டபத்துக்காரர் மரியாதையாகக் கேட்டார். "பிரேசில்லேர்ந்து எப்பம்மா வந்தீங்க?"

"எந்தப் பிரேசில்? ஏழாவது மாடியிலேர்ந்து வர்றேன். நாலு வருஷமா கரண்ட் இல்ல, லிப்ட் இல்ல, காசு வாங்க ஒருத்தன் மேல ஏறி வந்ததில்ல." மூச்சு வாங்க, ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு ஃபாயெக்கின் முன்னால் வந்து நின்றாள். "தம்பி, பேரு சரியாப் போட்டிருக்கீங்க, அவங்க அப்பா பேரும் சரி, சந்தும் சரி. தேதி மட்டும்தான் தப்பு. நேத்துன்னு போட்டிருக்கீங்க, அவரு ரொட்டி வாங்கப் போயி சுவத்துல இதைப் படிச்சுட்டு விழுந்து செத்தது இன்னிக்குக் காலைலதான்."