கதாநாயகன் என்ன சொன்னான்?

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பல்செட்டுக்காரர் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இனி எந்தச் சினிமாவிலும் ஒரு வசனத்தைக்கூடக் கோட்டை விடுவதில்லை!

பல்செட்டுக்காரர் என்பது தொழிலால் வந்த பெயர். டாக்டர்கள் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் தம் பட்டறையில் மெழுகில் வைத்து, அச்சில் வார்த்து, அரத்தால் ராவிப் பல்வரிசை செய்து கொடுப்பார். சில சமயம் வாய்க்குச் சொந்தக்காரர்களே நேரில் வந்துவிடுவார்கள். பல்லை மாட்டிவிட்டு, "எங்கே, 'சின்னச் சிட்டு சிரிச்சுச் சிரிச்சுச் சிணுங்குச்சு' சொல்லுங்க" என்பார். எங்காவது விசில் அடித்தால் கழற்றி மறுபடி ராவுவார். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். போன சொல்லை மீட்டுக் கொடுப்பவர் அவர். ஊரார் பேச்சையெல்லாம் திருத்தமாக்கிய அந்த மனிதருக்கு, வீட்டு டிவி பேசுவது மட்டும் ஒரு எழுத்தும் விளங்காது.

கோளாறு காதில் இல்லை. டெஸ்ட் எடுத்துப் பார்த்தாயிற்று. கோளாறு டிவியில். அப்பளம் மாதிரி மெல்லிசு. ஸ்பீக்கர் முதுகுப் பக்கம். சுவருக்கும் காது உண்டு என்பதை முழுசாக நம்பியவன் செய்த டிவி. பேச்செல்லாம் சுவருக்கு, படம் மட்டும் நமக்கு.

ஆனால் அவர் மனைவிக்கு எல்லாம் கேட்கும். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் அவர். எந்த வண்டி, எந்த நடைமேடை, எவ்வளவு தாமதம் என்று நாள் முழுக்கச் சொல்கிற அம்மணி. நாலு எஞ்சின் ஒன்றாக ஊதினாலும், நடுவில் ஒருவர் முனகுவது அவர் காதுக்குத் தப்பாது. ஆகவே ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் சினிமா பார்ப்பது இப்படித்தான் நடந்தது.

திரையில் ஒரு பாலம். கொட்டும் மழை. கதாநாயகன் கதாநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு நிமிஷம் என்னவோ பேசுகிறான்.

"என்ன சொன்னான்?"

"'நீ போய் உட்காரு, துணியை நான் மடிச்சு வைக்கிறேன்'னு சொன்னான்."

"மழையிலயா?"

"மழையில நனைஞ்ச துணிங்க."

"அதுக்கு ஏன் அவ அழறா?"

"இப்படி ஒரு புருஷன் கிடைச்சா யாருதான் அழமாட்டாங்க?"

பல்செட்டுக்காரர் கொஞ்சம் கனவுப் பேர்வழி. பட்டறையில் மெழுகு உருகுகிற நேரத்தில் ஜன்னல் வழியே ஒரு மேகத்தைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய்விடுவார். கருகிய வாசனை வந்துதான் அவரைத் திரும்பக் கூட்டிவரும். அப்படிப்பட்டவர் மனசில் அந்த வசனம் இறங்காமல் இருக்குமா? என்ன பெருந்தன்மை! வானமே இடிந்து விழுகிறது, இவன் துணியை நினைக்கிறான்! மறுநாள் கொடியில் கிடந்த துணியை அவரே எடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, கண் கலங்க மடித்து வைத்தார்.

இப்படிப் படத்துக்கு ஒன்றாக அவர் எத்தனையோ கற்றுக்கொண்டார். ஒரு ராணுவ வீரன் குண்டடி பட்டுச் சாகும்போது, "பாத்திரத்தை ஊறப்போட்டுட்டு வந்துட்டேனே, யாரு தேய்ப்பாங்க?" என்று கதறினான். பெரிய வில்லன் ஒருத்தன் மலை உச்சியிலிருந்து விழும்போது, "மாமியாரை ஒருதரமாவது ஊருக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்" என்று மனம் திருந்தினான். அந்த வாரமே பல்செட்டுக்காரர் மாமியாருக்குப் போன் போட்டார்.

இப்போது அவருக்கு மனைவியை நினைத்து இரக்கம் வந்தது. அங்கே நாள் முழுக்க அறிவிப்பு. வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அறிவிப்பு. தொண்டை என்னத்துக்கு ஆகும்?

"ஏம்மா, ஒரு ஹோம் தியேட்டர் வாங்கிப் போட்டுடலாமா? பேச்செல்லாம் பளிச்சுன்னு கேட்கும்."

அம்மணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"எதுக்கு? நான் இருக்கேன்ல?"

"உனக்குத்தான் சிரமம்."

"எனக்கு ஒரு சிரமமும் இல்லை. எங்க ஸ்டேஷன்ல எழுபது ஸ்பீக்கர் இருக்கு. நான் ரெண்டுன்னா நாலுக்கு ஓடறாங்க, நாலுன்னா ஏழுக்கு ஓடறாங்க. ஸ்பீக்கர் வந்தா பேச்சு புரிஞ்சிடுமா?"

"இது வேற மாதிரிம்மா..."

"வேணாம்னா வேணாங்க."

இவ்வளவு வேகமாக அம்மணி ஒரு பொருளை வேண்டாம் என்று சொன்னதே இல்லை. தியாகம், என்று நினைத்துக்கொண்டார் பல்செட்டுக்காரர். என்ன தியாகம்! சொல்லாமல் கொள்ளாமல் வாங்கி வந்து அவளை அசத்திவிடுவது என்று தீர்மானித்தார். வியாழக்கிழமை, "ஒருத்தருக்குப் பல் கொடுக்கணும்" என்று கிளம்பினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் இடது செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டார்.

கடையில் ஒலி கேட்பதற்கென்றே ஒரு அறை இருந்தது. சுவரெல்லாம் மெத்தை, ஒரு சோபா, இருட்டு. கடைக்காரர் நரைத்த மீசையும் நிதானமுமாக இருந்தார்.

"முதல்ல அஞ்சு ஸ்பீக்கர் செட்டைக் கேளுங்க. மூலையில 'தம் தம்'னு அதிர்ற ஒரு பெட்டியும் சேர்த்து" என்று பொத்தானை அழுத்தினார்.

மழை பெய்தது. முன்னால் அல்ல, எங்கேயும். முதுகுக்குப் பின்னால் ஓடு சொட்டியது. ஒரு ரயில் அவர் இடது காதில் நுழைந்து, தலைக்குள் நிதானமாக ஓடி, வலது காது வழியே வெளியேறியது. எங்கோ தூரத்தில் ஒரு குருவி. பல்செட்டுக்காரர் கண்ணை மூடினார். சோபா படகாகி மெல்ல நகர்ந்தது. இரண்டு கரையிலும் யாரோ விளக்கேற்றிக்கொண்டே போனார்கள். காலில் தண்ணீர் படுகிறதா என்று அவர் குனிந்துகூடப் பார்த்தார்.

"எப்படி சார்?"

"சொர்க்கம்!"

"அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"

"எந்தப் பொண்ணு?"

கடைக்காரர் சிரித்தார். "அதான் சார் விஷயம். எல்லாரும் இடியைக் கேட்டு மயங்கி வாங்கிட்டுப் போயிடுவாங்க, அப்புறம் பேச்சு புரியலைன்னு வருவாங்க. உங்களுக்குப் பேச்சுதானே வேணும்? பேச்சு வர்றது நடு ஸ்பீக்கர்ல. அது நல்லா இருந்தா போதும், மத்ததெல்லாம் தாளம். இதோ, நடுவுல ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணு. மூணே மூணு. இப்பக் கேளுங்க."

திரையில் ஒரு பாலம் வந்தது. கொட்டும் மழை. அதே கதாநாயகன், அதே கை. பல்செட்டுக்காரர் பழைய நண்பனைப் பார்த்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாளைக்குள்ள உன் முடிவைச் சொல்லு. இல்லைன்னா நான் இந்த ஊரை விட்டே போயிடுவேன்" என்றான் கதாநாயகன். ஒவ்வொரு எழுத்தும் புதுப்பல் மாதிரி பளபளத்தது.

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். ஊரை விட்டே போனான்.

"இன்னும் ஒரு தடவை."

"ஏன் சார், புரியலையா?"

"புரியுது. துணி எங்கே?"

"என்ன துணி?"

"நனைஞ்ச துணி! மடிச்சு வைக்கிறேன்னு சொல்வானே!"

கடைக்காரர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் பல்செட்டுக்காரர் தூக்கத்தில் நடப்பவர் போல நடந்தார். துணி இல்லை என்றால் பாத்திரமும் இல்லை. அந்த வில்லன் திருந்தவே இல்லை. மாமியார் வந்து ஒன்றரை மாசம் தங்கிவிட்டுப் போனதற்கு எந்த மலை உச்சியும் பொறுப்பில்லை! காதில் பூச்சுற்றுவது என்று கேள்விப்பட்டிருக்கிறார். இவள் ஒன்பது வருஷமாகப் பூந்தோட்டமே போட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்!

கேட்டால் மறுத்துவிடுவாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். மூன்று ஸ்பீக்கரும் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து இறங்கின. அம்மணியின் முகம் வெளிறும் என்று காத்திருந்தார்.

வெளிறவில்லை. பெட்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். "வாங்கியாச்சா? சரி. வச்சா ஒழுங்கா வைக்கணும்" என்றார். "நடுவுல இருக்கறது காது மட்டத்துக்கு வரணும். அந்தக் கண்ணாடி அலமாரி எதிர்ல இருந்தா எதிரொலிக்கும், நகர்த்துங்க."

நகர்த்தினார்.

"அலமாரிக்கு அடியில இவ்வளவு தூசியா? தூசி இருந்தா பேச்சு கரகரக்கும். துடைங்க."

"அப்படியா?"

"பதினெட்டு வருஷம் மைக் முன்னால உட்கார்ந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?"

துடைத்தார்.

"வெறுந்தரை சத்தத்தைத் திருப்பி அடிக்கும். பரண்ல ஜமுக்காளம் இருக்கு, எடுத்து மாடியில தட்டிட்டு வாங்க. அப்படியே திரைச்சீலையைத் துவைச்சு மாட்டிடுங்க. மடிப்பு நிறைய இருந்தாத்தான் எதிரொலியைக் குடிக்கும்."

சாயங்காலம் வீடு கண்ணாடியாக இருந்தது. பல்செட்டுக்காரர் சுருங்கிய துணியாக இருந்தார். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் போட்டார். பாலம் வந்தது. மழை வந்தது. ஓரக்கண்ணை மனைவிமேல் வைத்தார்.

"நாளைக்குள்ள உன் முடிவைச் சொல்லு. இல்லைன்னா நான் இந்த ஊரை விட்டே போயிடுவேன்."

பல்செட்டுக்காரர் படத்தை நிறுத்தினார். மழை அந்தரத்தில் நின்றது.

"துணி எங்கம்மா?"

அம்மணி ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலில் புதுசாகத் துவைத்த திரை மெல்ல ஊதி அடங்கியது.

"நான்தாங்க சொன்னேன்" என்றார். குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. "தினமும் அதே அஞ்சு வரியைப் பேசறேன். பயணிகள் கவனத்துக்கு. தாமதத்துக்கு வருந்துகிறோம். நான் எங்கே வருந்தினேன்? யாரோ எழுதிக் கொடுத்தது. யாரும் அதைக் காது கொடுத்துக் கேட்டதும் இல்லை. முதல்முதலா நீங்க 'என்ன சொன்னான்'னு கேட்டீங்க. அன்னிக்கு அவன் நிஜமாவே முனகினான், எனக்கே கேட்கலை. சும்மா ஒண்ணு சொன்னேன். நீங்க அப்படியே வாயைப் பிளந்து கேட்டீங்க. மறுநாள் அதைச் செஞ்சும் காட்டினீங்க. ஸ்டேஷன்ல ரெண்டாயிரம் பேர் செய்யாததை ஒரே ஆள் செஞ்சா, விட மனசு வருமா?"

திட்டுவதற்கென்று பல்செட்டுக்காரர் நாலு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தார். அது எந்த நடைமேடைக்குப் போனதோ, வரவே இல்லை. படத்தை மறுபடி ஓடவிட்டார்.

ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அதுதான் தொல்லை. கதாநாயகன் ஊரை விட்டுப் போவேன் என்றே பத்து நிமிஷம் சொன்னான், போகவில்லை. அப்பா "கௌரவம்" என்றார். வில்லன் "விடமாட்டேன்" என்றான். எல்லாம் எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. பல்செட்டுக்காரருக்கு அந்த ராணுவ வீரன் ஞாபகம் வந்தான். புகை நடுவே ஊறுகிற பாத்திரத்துக்காகக் கலங்கிய அந்த நல்லவன். அவன் எங்குமே இல்லை என்று நினைத்தபோது நெஞ்சுக்குள் எதுவோ காலியானது. எத்தனை இனிய மனிதர்கள்! அத்தனை பேரும் இந்தச் சோபாவில், இவள் வாயில் பிறந்து, இவர் காதில் வாழ்ந்தவர்கள்.

திரையில் கதாநாயகி ஒரு மரத்தடியில் நின்று தன் அம்மாவிடம் அழத் தொடங்கினாள். "இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்மா" என்றாள், தெள்ளத் தெளிவாக.

பல்செட்டுக்காரர் ரிமோட்டை எடுத்தார். சத்தத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். பேச்சு முனகலாகி, முனகல் மூச்சாகி, இலைகள் மட்டும் அசைந்தன. அவர் சாய்ந்து உட்கார்ந்து கண்ணைப் பாதி மூடிக்கொண்டார்.

"ஏம்மா, அவ என்ன சொல்றா?"

அம்மணி அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். தொண்டையை லேசாகச் செருமிக்கொண்டார்.

"'என் வீட்டுக்காரர் தங்கமானவரும்மா, நான் வாய் திறக்கறதுக்கு முன்னாடியே இந்த மாசம் வாஷிங் மெஷின் வாங்கித் தர்றேன்னுட்டார்'னு சொல்லி ஆனந்தக் கண்ணீர் விடறா."

பல்செட்டுக்காரர் கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை கிலோ மெஷின்னு சொன்னாளா?" என்றார்.