மாமாவின் கடையை நான் உடைத்த கதை

கல்முனையில் பட்டப்பகலில் கடை உடைத்து நல்ல பெயர் எடுத்தவன் நான் ஒருவன்தான். (பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?)

அப்போது நான் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் புது முகவர். கடை உடைத்துக் களவு போனால் நட்டஈடு கொடுக்கும் காப்புறுதியை விற்க வேண்டும். ஒருவரும் வாங்கவில்லை. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் போகும்போது கடையைத் திறந்தபடி விட்டு, வாசலில் உட்காரும் கதிரை ஒன்றைக் குறுக்கே போட்டுவிட்டுப் போகிற ஊர் இது. கதிரை கிடந்தால் யாரும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். புடவைக்கடை வைத்திருந்த என் மாமனாரும் அப்படித்தான். அவரும் வாங்காவிட்டால் என் வேலை போய்விடும். கலியாணம் முடித்த புதிது, சாப்பாடும் அவர் வீட்டில்தான்.

கடையைப் பார்க்கக் கொழும்பிலிருந்து மேலதிகாரியே வந்தார். மாமா தொழப் போயிருந்தார். வாசலில் கதிரை. பூட்டாத கடைக்குக் காப்புறுதி கிடையாது, கள்ளன் உடைத்து நுழைந்த அடையாளம் வேண்டும் என்றார் அதிகாரி. நான் விட்டேனா? யானை வந்தாலும் அசையாத ஷட்டர் என்று அளந்துவிட்டு, கதிரையை ஓரமாகத் தள்ளி அவரை உள்ளே நிறுத்தி, வெளியே நின்று தொங்கி இழுத்தேன். அதை இழுக்க மாமாவிடம் ஒரு பக்குவம் இருந்தது. என்னிடம் இல்லை. ஷட்டர் சடாரென்று விழுந்து கோணலாக இறுகிக்கொண்டது.

உள்ளே அதிகாரி தட்டத் தொடங்கினார். பிறகு கத்தத் தொடங்கினார். நான் பக்கத்து இரும்புக்கடைக் கதிரையைத் தாண்டிப் போய் ஓர் அலவாங்கை எடுத்து வந்தேன். (ஊரில் கதிரை தாண்டிய முதல் ஆளும் நான்தான்.) நெம்பிய நெம்பில் ஷட்டரின் ஓரம் கிழிந்தது. அதன் வழியாக அதிகாரி தவழ்ந்து வெளியே வந்தார். திரும்பிப் பார்த்தால், தொப்பியோடு கடைத்தெருவே நிற்கிறது. முன்னால் மாமா. என் கையில் அலவாங்கு.

மாமா கிழிசலைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மருமகன், ஒரு தேங்கா உரிக்க ஏலாத ஆள் நீங்க. உங்களுக்கே இத உடைக்க ஏலுமெண்டா கள்ளனுக்கு என்ன கஷ்டம்? எங்க ஒப்பம் வைக்கிற?"

அவருக்குப் பின்னால் இரும்புக்கடைக்காரரும் வைத்தார். பிறகு தெருவே வைத்தது. இன்று இந்தக் கிழக்குக் கரையில் இந்தக் காப்புறுதியை அதிகம் விற்றவன் நான். அதை யாரிடமும் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

மாமா இப்போது லுஹருக்கும் ஷட்டரை இழுத்துப் பூட்டுகிறார். பூட்டிவிட்டு அதன் முன்னால் பழைய கதிரையையும் போடுகிறார். இரண்டும் எதற்கு என்று யாராவது கேட்டால், நான் பக்கத்தில் நிற்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"பூட்டு கள்ளனுக்கு. கதிர மருமகனுக்கு."